ஊருக்கு வருமுன் வேலை தேடுவோம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தா பொறுத்துக்கணும்.

நான் சென்னையிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தவ. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை வந்தேன். முதல் தடவை வந்து தோத்துப்போய்த் திரும்பவும் சென்னைக்கே போனோம். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா இங்க உட்கார்ந்திருக்கிறவங்க வீட்டிலேயும் ஒரு மகனோ மருமகளோ சென்னையிலயோ திருப்பூர்லயோ இருப்பாங்க. அவங்களுக்கு உதவும்னு சொல்றேன்.

அம்பத்தூரில் இருந்தோம். வீட்டுக்காரருக்கு வெல்டிங் வேலை, மாசம் 18,000. நான் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின்ல இருந்தேன், எனக்கு 9,500. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை நின்னுச்சு. ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்துட்டு, இ-பாஸ் வாங்கி, ஒரு குட்டியானையில் சாமான் எல்லாம் ஏத்திக்கிட்டு வந்தோம். வண்டி வாடகையே 14,000. ஊருக்குப் போனா எப்படியும் பிழைச்சுக்கலாம்னு ஒரு நினைப்பு. எப்படிப் பிழைக்கிறதுன்னு ஒருத்தரும் யோசிக்கல.

மாமியார் வீட்டில் இடம் பத்தாதுன்னு கீரனூரிலேயே வாடகைக்கு வீடு பிடிச்சோம். நூறு நாள் வேலைக்காவது போயிரலாம்னு விசாரிச்சா, கீரனூர் பேரூராட்சி, அந்த வேலை கிராம ஊராட்சிக்குத்தான்னு சொல்லிட்டாங்க. சென்னையில இருந்த வரைக்கும் இது எனக்குத் தெரியாது. ஊராட்சியில் இருந்தாலும் அப்ப அது ஒரு குடும்பத்துக்கே வருஷத்துக்கு 100 நாளாத்தான் இருந்துச்சு, ஆளுக்கு ஆள் இல்ல. சரி, வயல் வேலைக்குப் போகலாம்னா நாங்க வந்தது வைகாசி. நம்ம பக்கம் வைகாசியில கண்மாய் எப்படிக் கிடக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஐப்பசி மழை இறங்கினாத்தான் நடவு. அதுவரைக்கும் யாரு வயல்ல யாருக்கு வேலை?

நாலு மாசத்துல என் கம்மலும் ஒரு சங்கிலியும் அடகுக்குப் போச்சு. வீட்டுக்காரருக்கும் எனக்கும் சண்டை வராத நாள் இல்ல. "உன் பேச்சைக் கேட்டுத்தான் வந்தேன்"னு அவர், "நீங்கதானே வண்டி பிடிச்சீங்க"ன்னு நான். அக்டோபர்ல திரும்ப அம்பத்தூர் போயிட்டோம். சங்கிலியை இன்னும் மீட்கல, அது வேற கதை.

ஆனாலும் ஊர் ஆசை போகல. மாமியாருக்குக் கண் பார்வை குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. இந்தத் தடவை சாமான் கட்டுறதுக்கு முன்னாடியே வேலையைத் தேடிறணும்னு முடிவு பண்ணினேன். யாரைக் கேட்கிறது? என் ஓரகத்தி நம்ம குழுவில் இருக்காங்க. அவங்களுக்குப் போன் போட்டு, "அக்கா, உங்க கொழுந்தனுக்கு வேலை இருக்கான்னு குழுவில கேட்டுச் சொல்லுங்க"ன்னேன். அவங்க வாரக் கூட்டத்தில் எழுந்து கேட்டிருக்காங்க. பன்னிரண்டு பொம்பளைங்க உட்கார்ந்திருந்தா பன்னிரண்டு வீட்டு ஆம்பளைங்க எங்கெங்க வேலை பார்க்கிறாங்கன்னு தெரிஞ்சுபோகும் இல்லையா? ஒருத்தர் மகன் மாத்தூர் தொழிற்பேட்டைக்குப் போறார், இன்னொருத்தர் தம்பி துவாக்குடிப் பக்கம் போறார். ஒரு வாரத்தில் மூணு பட்டறை நம்பர் கைக்கு வந்துச்சு.

வீட்டுக்காரர் லீவு போட்டுட்டு அவர் மட்டும் பத்து நாள் வந்து தங்கினார். இதுதான் பெரிய விஷயம்னு நினைக்கிறேன். போன்ல எல்லாரும் "வாங்க வாங்க, வேலை இருக்கு"ன்னுதான் சொல்வாங்க. நேரில் போனாத்தான் தெரியும். ஒரு பட்டறையில் கூலி கூடுதலாச் சொன்னாங்க. டீக்கடையில் அங்கே வேலை பார்க்கிற பையனை விசாரிச்சா, ரெண்டு மாசச் சம்பளம் பாக்கியாம். இன்னொரு இடத்தில் மாசத்துக்குப் பதினைஞ்சு நாள்தான் வேலை. மூணாவது இடத்தில் சம்பளம் குறைச்சல், 13,000தான், ஆனா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கையில கொடுக்கிறாங்க. அங்க அஞ்சு நாள் வேலை பார்த்துக் காட்டிட்டு, ஜூன்ல வர்றேன்னு பேசிட்டு வந்தார்.

18,000 எங்கே 13,000 எங்கேன்னு அவருக்கு மனசு ஒப்பல. நான் ஒரு நோட்டு எடுத்துக் கணக்குப் போட்டேன். அம்பத்தூரில் வாடகை 6,000. கரண்டுக்கு வீட்டுக்காரங்க யூனிட்டுக்கு எவ்வளவு கேட்கிறாங்களோ அவ்வளவு கொடுக்கணும். தண்ணி கேன் வேற. இந்தத் தடவை மாமியார் வீட்டிலேயே ஒரு தாழ்வாரத்தை அடைச்சு இருந்துக்கலாம்னு பேசியாச்சு, அதனால வாடகை இல்ல. கழிச்சுப் பார்த்தா ரெண்டு ஊர்லயும் கையில நிக்கிறது ஏறக்குறைய ஒண்ணுதான். அதைப் பார்த்ததும் சரின்னார். 2022 ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைகளுக்கு டி.சி. வாங்கிக்கிட்டு வந்துட்டோம்.

இப்ப ஒண்ணு சொல்றேன், யாரும் சிரிக்கக்கூடாது. அவருக்கு வேலை தேடினோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பார்த்தோம். எனக்கு வேலை பார்க்க ஒருத்தருக்கும் ஞாபகம் வரல. எனக்கே வரல! என்னோட 9,500 அந்தக் கணக்கு நோட்டுலயே இல்ல. வந்து ரெண்டாவது மாசம் மளிகைக் கடையில் பாக்கி வச்சப்பத்தான் உறைச்சுச்சு.

எனக்குத் தெரிஞ்சது ஓவர்லாக் மட்டும். ஏழு வருஷம் பனியன் ஓரத்தை அடிச்சவளுக்கு ஒரு ஜாக்கெட்டை முழுசா வெட்டித் தைக்கத் தெரியல. ஊர்ல யாருக்கு ஓவர்லாக் வேணும்? அடுத்த மாசமே குழுவில் சேர்ந்தேன். புதுக்கோட்டையில் லீட் பேங்க் நடத்துற கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி மையத்தை ஊக்குநர் அக்காதான் சொன்னாங்க. ஒரு மாசத் தையல் பயிற்சி, காசு கிடையாது, சாப்பாடும் அங்கேயே. பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லாததால போய்வர முடிஞ்சுது. குழுவில் உள்கடன் 15,000 வாங்கி மோட்டார் வச்ச மெஷின் போட்டேன். இப்ப மாசம் 4,000 வரும், தீபாவளி பொங்கல்னா 7,000 வரும். 9,500 இன்னும் வரல. சென்னையில இருக்கும்போதே இந்தத் தையலைக் கத்துக்கிட்டு வந்திருந்தா ஒரு வருஷம் மிச்சம்.

அதனால கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு நோட்டு போடுங்க. நம்ம சுத்துவட்டாரத்தில் எந்தப் பட்டறையில், எந்தக் கடையில், எந்த மில்லில் ஆள் கேட்கிறாங்க, சம்பளம் எந்த நாள் கொடுக்கிறாங்க, பஸ் எத்தனை மணிக்கு, எத்தனை மாசம் வேலை இருக்கும்னு அதில் எழுதுங்க. பொம்பளைங்க வேலைக்குத் தனிப் பக்கம் வேணும். வெளியூரில் இருக்கிற நம்ம பிள்ளைங்க வண்டி பிடிக்கிறதுக்கு முன்னாடி போன் பண்ணட்டும். எங்க குழு நோட்டு என்கிட்டதான் இருக்கு. இதுவரைக்கும் மூணு பக்கம் எழுதியிருக்கேன். போன வாரம் திருப்பூரிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டா. அவ வீட்டுக்காரருக்கு என்ன வேலைன்னு சொல்லிட்டு வைக்கப் போனா. "உனக்கு என்ன தெரியும்னு சொல்லு"ன்னு கேட்டு, அதையும் எழுதி வச்சிருக்கேன்.