தலைக்கு வந்த அடி



தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. சாலை விபத்தில் அப்படிப் போவது அபூர்வம். நம் நாட்டில் சாலையில் மாண்டு போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. அவர்கள் உயிரைப் பறிப்பதில் முதலிடம் தலைக்காயத்துக்கு. இருள் பிரியுமுன் பெரட்டுக்கு ஓடுகிற நமக்கு இது அயலார் கதையன்று.

மண்டை ஓடு எங்கும் ஒரே கனமாக இருப்பதில்லை. நெற்றிப்பொட்டில் எலும்பு மிக மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஓர் இரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பு வெடித்தால் குழாயும் கிழியலாம். இரத்தம் உள்ளேயே கட்டி மூளையை அழுத்தும். இதற்குச் சில வேளை மணிக்கணக்காகும். அதுவரை விழுந்தவர் எழுந்து நிற்பார், "ஒன்றுமில்லை" என்பார், தேநீர்கூடக் குடிப்பார். லயத்தில் படுக்க வைப்போம். விடிந்து எழுப்பினால் எழமாட்டார்.

ஆகவே, தலையில் அடிபட்டவர் பேசுகிறார் என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். தலைவலி ஏறினாலும், வாந்தி எடுத்தாலும், பேச்சுக் குழறினாலும், ஒரு கண்மணி மட்டும் விரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிதான். காதிலோ மூக்கிலோ தண்ணீர்போல் வடிந்தால் மண்டையின் அடிப்பாகம் உடைந்திருக்கக்கூடும். கள் மயக்கம் என்று ஓரமாய்க் கிடத்துகிற வழக்கமும் நம்மிடம் உண்டு. அது கொலைக்குச் சமம்.

தலைக்கவசச் சட்டம் 1973லேயே வந்துவிட்டது. இருந்தும் போலீஸ் நிற்கும் சாலையில் மாட்டுவது, தோட்டத்து உள்பாதையில் கைப்பிடியில் தொங்கவிடுவது! மண்சாலை மிருதுவானது என்று எந்த மண்டைக்குத் தெரியும்? கவசம் அணிந்தால் சாகும் அபாயம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் தாடைவாரை இறுக்கிக் கட்டாவிட்டால் தலை தரையில் படுமுன் கவசம் பறந்துவிடும். உள்ளே இருக்கும் நுரைத்திண்டுதான் நசுங்கி அடியை வாங்குகிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி எழாது. பலத்த அடிபட்ட கவசத்தைத் தம்பிக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துக்குச் சொக்சோவில் இழப்பீடு உண்டு. சொந்தக் காரியமாக இடையில் வேறு பக்கம் திரும்பியிருந்தால் அது வேலைக்குப் போகும் வழி விபத்தாகக் கொள்ளப்படாது. போலீஸ் புகார் நகலையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பத்திரப்படுத்திக் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். பாரம் நிரப்ப நாங்கள் கூட இருக்கிறோம்.