மௌனம் சம்மதம் ஆகுமா?

'மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி' என்று நம்மிடையே ஒரு வழக்கு உண்டு. பெண் பார்க்கும் கூடத்திலே பெரியவர்கள் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கே அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை நான் இப்போது ஆராயப் போவதில்லை. ஒருவர் உடம்பை மற்றொருவர் தொட்டுச் செய்யும் தொழிலில் அது பொருந்தவே பொருந்தாது என்பதை மட்டும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். நான் இயன்முறை மருத்துவம் செய்கிறவன். வலியால் இறுகிப்போன தோளையும் முதுகையும் நீவி இளக்குவது என் அன்றாட வேலைகளில் ஒன்று.

நம் நாட்டில் இந்தக் கலைக்கு உருவங்கள் பல. பிறந்த குழந்தையைக் காலின்மேல் கிடத்தி எண்ணெய் தேய்க்கிறாள் பாட்டி. வடநாட்டு நகரங்களில் எண்ணெய்ப் புட்டிகளுடன் திரியும் மாலிஷ்காரர் தெருவோரத்திலேயே தலையைப் பிடித்துவிடுகிறார். கேரளத்து வைத்தியசாலையில் நோயாளியை மரத்தோணியில் படுக்கவைத்து, இளஞ்சூடான எண்ணெயில் தோய்த்த துணியை மேனியின்மேல் பிழிந்து தேய்க்கிறார்கள். அதற்குப் பிழிச்சில் என்று பெயர். பெருநகரங்களிலோ 'மசாஜ்' என்றும் 'ஸ்பா' என்றும் பலகைகள் தொங்குகின்றன. இன்று உலகெங்கும் வழங்கும் 'ஷாம்பு' என்ற சொல்லே, அமுக்குதல் என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்றதுதான். பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகம்மது என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் இதற்கென ஒரு நிலையம் நடத்தி, அந்நாட்டு மன்னர்களுக்கே சிகிச்சை செய்து புகழ் பெற்றார்.

உருவங்கள் பலவானாலும், இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு நிலைமை உண்டு. ஒருவர் நிற்கிறார், மற்றவர் படுத்திருக்கிறார். படுத்திருப்பவர் ஆடையைத் தளர்த்தியிருக்கிறார். பெரும்பாலும் கண்ணை மூடியிருக்கிறார். அடுத்து எங்கே கை வைக்கப் போகிறோம் என்பது நிற்பவருக்குத் தெரியும். குப்புறப் படுத்திருப்பவருக்குத் தெரியாது. இந்த நிலையில் வாய் திறந்து 'வேண்டாம்' என்று சொல்லுவது எளிதன்று. 'அவருக்குத் தெரியாததா?' என்ற மரியாதையும், 'தப்பாக எடுத்துக்கொள்வாரோ?' என்ற கூச்சமும், 'இப்படித்தான் செய்வார்கள் போலும்' என்ற ஐயமும் சேர்ந்து நாவைக் கட்டிவிடுகின்றன.

இதை நான் புத்தகத்தில் படித்து அறிந்துகொள்ளவில்லை. தொழிலில் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு தவறு செய்து கற்றுக்கொண்டேன். வடநாட்டு நகரம் ஒன்றிலே அப்போது பணி. அறுபது வயது கடந்த ஓர் அம்மையார் தோள் இறுகிக் கையைத் தூக்க இயலாமல் வந்தார். சிகிச்சை முறை எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆகவே, பேச்சு எதற்கு என்று எண்ணினேன். அவர் தோளை மூடியிருந்த முந்தானையை நானே விலக்கிவிட்டு, அழுத்தி நீவத் தொடங்கினேன். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நல்ல நோயாளி, பொறுமைசாலி என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து அவருடைய மகள் வந்தார். "அம்மா வலியைப் பற்றிக் குறை சொல்லவில்லை. தன்னைக் கேளாமல் முந்தானையை விலக்கினீர்கள் என்று சொல்லி இரண்டு நாள் அழுதாள். இனி இந்தக் கை இப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறாள்" என்றார். எனக்கு முகம் கொடுக்க இயலவில்லை. என் எண்ணத்தில் மாசு இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த அம்மையாருக்கு அதனால் ஆறுதல் என்ன? மன்னிப்புக் கேட்டுச் சொல்லியனுப்பினேன். மகள் அறையில் உடன் இருக்க வேண்டும், துணியைத் தாமே விலக்கிக்கொள்வார் என்னும் இரண்டு நிபந்தனைகளோடு அவர் திரும்பி வந்தார். சில மாதங்களில் தம் தலையைத் தாமே வாரிக்கொள்ளும் அளவுக்குக் கை உயர்ந்தது. நான் கேளாமல் விட்ட ஒரு கேள்வியினால் அந்தக் கை என்றைக்கும் முடங்கிப் போயிருக்கக்கூடும்.

நம் முன்னோர் இதை எண்ணிப் பாராமல் இல்லை. சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்திலே, வைத்தியம் கற்க வரும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் கட்டளைகள் உள்ளன. கணவனோ காப்பாளரோ உடன் இல்லாத பெண்ணுக்குச் சிகிச்சை செய்யலாகாது. நோயாளியின் வீட்டுக்குள் அனுமதி பெற்றே, தெரிந்தவர் ஒருவருடன் நுழைய வேண்டும். அங்கே கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லலாகாது என்பன அவற்றுட் சில. தொடும் கைக்கு வரம்பு வேண்டும் என்பதை அந்நூல் உணர்ந்திருக்கிறது. ஆனால் பெண்ணின் உடம்பைப் பற்றிய முடிவில் அவளைச் சேர்ந்தவர்களை முன்னிறுத்துகிறது. இங்கேதான் நம் காலத்தின் நீதி ஓர் அடி முன்னே சென்றிருக்கிறது. நோயை அறிவதற்கான பரிசோதனைக்கு மட்டும் இசைந்த ஒரு பெண்மணி மயக்க நிலையில் இருந்தபோது, அவருடைய தாயாரின் சம்மதத்தைப் பெற்று அவர் கருப்பையையே அகற்றிவிட்டார்கள். அவ்வழக்கில் 2008-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அறிவுத் தெளிவுள்ள வயதுவந்தவருக்காக வேறொருவர் தரும் சம்மதம் செல்லாது என்றும், பரிசோதனைக்குத் தந்த சம்மதம் அறுவைக்குத் தந்ததாக ஆகாது என்றும் உரைத்தது. அது அறுவை மருத்துவத்தைப் பற்றிய தீர்ப்பு. எனினும் அதன் உட்பொருள் எங்கள் தொழிலுக்கும் பொருந்தும். முதுகுக்குத் தந்த இசைவு தொடைக்குத் தந்த இசைவு ஆகாது. நேற்றுத் தந்த இசைவு இன்றைக்கு ஆகாது.

அப்படியானால் கேட்கும் முறை யாது? வாசலிலே ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வது மட்டும் போதாது. எந்தெந்த உறுப்புகளைத் தொடப் போகிறோம், ஏன், எவ்வளவு நேரம் என்பதை, அவர் ஆடையுடன் எதிரே அமர்ந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஆடை மாற்றும்போது நாம் வெளியே போய்விட வேண்டும். திரும்பும்போது கதவைத் தட்டிவிட்டே நுழைய வேண்டும். வேலை செய்யும் உறுப்பைத் தவிர மற்றவை துணியால் மூடியிருக்க வேண்டும். மார்பு, அடிவயிறு, இடுப்பின் கீழ்ப்பகுதி, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களை அணுக மருத்துவக் காரணம் இருந்தால், அதைச் சொல்லித் தனியே கேட்க வேண்டும். 'வேண்டாம்' என்றால் காரணம் கேளாமல் விட்டுவிட வேண்டும். குப்புறப் படுத்திருப்பவருக்குப் பேசுவது எளிதன்று. ஆகையால் கையை உயர்த்தினால் நிறுத்திவிடுவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நன்று.

கேட்பது மரியாதைக்காக மாத்திரம் அன்று, உயிர்க் காப்புக்காகவும்தான். கால் நாளங்களில் இரத்தம் உறைந்திருப்பவரின் கெண்டைக்காலை அழுத்தினால், அக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடக்கூடும். நீரிழிவினால் பாத உணர்ச்சி மங்கியவருக்கு எண்ணெயின் சூடு தெரியாது. வெந்த பிறகே தெரியும். கேள்வி கேட்டுப் பழகிய கைதான் இத்தகைய செய்திகளை முன்கூட்டி அறியும்.

ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று விதித்துவிட்டால் தொல்லை தீர்ந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். கேரளத்து ஆயுர்வேத நிலையங்களில் அதுவே வழக்கம். அதை விரும்புகிறவர்களுக்கு அந்த வசதி இருக்கத்தான் வேண்டும். 2021-இல் தில்லி அரசு, ஸ்பா நிலையங்களில் இதைக் கட்டாய விதியாக்கியபோது, அவ்வாண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. தகாத தொழிலைத் தடுக்கும் நோக்கத்துக்கும் இந்த முழுத் தடைக்கும் தக்க தொடர்பு இருப்பதாக அதற்குத் தோன்றவில்லை. எனக்கும் அவ்வாறே படுகிறது. கேளாமல் தொடும் கை பெண்ணின் கையானாலும் குற்றமுள்ள கைதான்.

வரம்பு ஒருபக்கத்துக்கு மட்டும் உரியதன்று. இத்தொழிலில் ஈடுபட்ட பெண்கள், வருகிறவர்களின் இழிந்த பேச்சையும் கைவரம்பு மீறலையும் ஊதியத்துக்காகப் பொறுத்துக்கொள்ளும்படி நேர்கிறது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பணியிடத்துக்கு வந்துபோகிறவர்களிடமிருந்தும் பெண்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது. பாதியில் சிகிச்சையை நிறுத்திவிட்டு வெளியே வரும் உரிமை பிடித்துவிடுபவருக்கும் உண்டு. அப்படி வந்தவளை 'வாடிக்கை போயிற்றே' என்று கடியாத முதலாளியே நல்ல முதலாளி.

கடைசியாக, சிகிச்சைக்குப் போகிற உங்களுக்கு ஒரு சொல். 'எங்கே, எதற்காகத் தொடுகிறீர்கள்?' என்று கேட்பது அவமரியாதை ஆகாது. துணைக்கு ஒருவரை அறைக்குள் அழைத்துச் செல்லலாம். ஆடையை எந்த அளவுக்குத் தளர்த்துவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து வந்துவிடலாம். கொடுத்த பணம் உங்களை அங்கே கட்டிப்போடாது. குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இந்தத் தொழிலைக் கற்கும் இளைஞர்களுக்கு நான் முதல் நாளிலே நீவும் முறையைச் சொல்லித் தருவதில்லை. மேசையில் படுத்திருப்பவர் பேசாமல் இருந்தால், கையை எடுத்துவிட்டு ஒருமுறை கேளுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். பதில் வந்தபிறகு கையை வைக்கலாம்.