கை ஓங்கும் முன் காது கொடுங்கள்



தேயிலைத் தோட்டத்தில் மாலை கொழுந்து நிறுக்கும் நேரம். காலையிலிருந்து மழையில் நனைந்து மலை ஏறி இறங்கிய ஒரு பெண் சாக்கைத் தராசில் மாட்டுகிறார். தராசு காட்டுவது ஒன்று, செக்ரோல் பதிவேட்டில் ஏறுவது ஒன்று. ஈரத்துக்குக் கொஞ்சம், சாக்குக்குக் கொஞ்சம், முற்றல் இலைக்குக் கொஞ்சம் என்று கிலோ கழிகிறது. குறித்த நிறை வராவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். "ஏன்யா இவ்வளவு வெட்டுறீங்க?" என்று கேட்டால் வசவு வருகிறது, பதிலுக்கு வசவு போகிறது. நாலு நாளில் அது கைகலப்பாகிப் பொலிஸ் வரை போகிறது. "தோட்டத்தில் அடிதடி" என்ற செய்தியில் அந்தக் கழிவுக் கணக்கு வருவதில்லை.

நிறுத்துக் குறிக்கும் கணக்கப்பிள்ளையை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. அவரை விரட்டுவது சின்னத்துரை, சின்னத்துரையை விரட்டுவது பெரியதுரை, பெரியதுரையை நெருக்குவது கொழும்புக் கம்பனி. மேலிருந்து இறங்கும் அதட்டல் மலையில் அடியாக வெடிக்கும்; அங்கே அடக்கிக்கொண்டால் லயத்து வீட்டுக்குள் மனைவி மேல் பாயும்.

இந்த அதட்டலுக்குச் சட்டமே துணை நின்ற காலம் உண்டு. இலங்கையின் 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கச் சட்டப்படி, வேலைக்கு வராததும் துரையிடம் துடுக்காகப் பேசியதும் சிறைக்கு அனுப்பும் குற்றங்கள். அந்தத் தண்டனைகள் நீங்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தண்டனைகள் நீங்கியும் மோதல் நிற்கவில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி, ஹேவாஹெட்ட பக்கம் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். போராட்ட அலை ஊவாவுக்கும் வந்தது. அந்த மே மாதம் நம் பதுளை வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் கலந்து பேசி நடக்கத் துரையும் சம்மதித்தார். ஆயுதத்தோடு வந்த பொலிஸாரிடமிருந்து தொழிலாளர்கள் ஆயுதங்களைப் பறித்ததும், பின்னர் அடக்குமுறை பாய்ந்ததும், வெள்ளத்தில் ஊவா துண்டிக்கப்பட்டுக் கிடந்தபோது போராட்டம் நசுங்கியதும் வரலாறு. துப்பாக்கி பறித்த கதையைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்தச் சபைதான். தோட்டத்துக் குறையைத் தோட்டத்திலேயே பேச, கொஞ்ச நாளாவது ஓர் இடம் இருந்தது.

அடுத்த ஆண்டு புசல்லாவ ஸ்டெலன்பேர்க் தோட்டத்தில் போப் என்ற துரை கொல்லப்பட்டார். இரண்டு தொழிலாளர்கள் தூக்கிலேற்றப்பட்டார்கள். இரு பக்கமும் உயிர் போனதுதான் மிச்சம்.

கை ஓங்கியவர் துரையானாலும் தொழிலாளியானாலும் குற்றவாளிதான். ஆனால் ஓங்க வைத்த காரணத்தை விசாரிக்காமல் வழக்கை மூடினால் அடுத்த அடி நிச்சயம். நிறுவையும் கழிவும் தொழிலாளியின் கண்முன் நடக்கட்டும். துண்டில் எழுதிக் கையில் கொடுக்கட்டும். மாதம் ஒருமுறை நிர்வாகமும் தொழிலாளர்களும் உட்கார்ந்து பேசட்டும். சந்தா பிடிக்கும் தொழிற்சங்கங்கள் இவற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. வன்முறை அடியாக மட்டும் வருவதில்லை. வேலைத்தளத்தில் பாலியல் தொல்லை கொடுப்பது, 1995 முதல் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். நடந்ததைத் திகதி போட்டு எழுதி வையுங்கள், ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பயந்து பொறுத்துப் போகாதீர்கள்; கூப்பிடுங்கள்.