பள்ளியும் நம் பிள்ளைகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணிதம் கற்பித்தே காலத்தைக் கழித்தவன் நான். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமான துறையன்று. ஆயினும், நம் குடியிருப்பில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பயிலும் உயர்நிலைப் பள்ளியைப் பற்றிச் சில சொற்கள் கூற வேண்டும் என்று செயலாளர் பணித்தபோது மறுக்க மனம் வரவில்லை. வடக்கே ஒரு படைமுகாம், கிழக்கே ஓர் இரயில்வே குடியிருப்பு, இறுதியாக மும்பை மாநகரின் புறத்தே உள்ள இத்தொழிற்சாலைக் குடியிருப்பு என மூன்று இடங்களில் கேந்திரிய வித்தியாலயங்களில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்னும் உரிமையே எனக்கு உள்ள தகுதி.

முதலில், இப்பள்ளிகள் எவ்வாறு தோன்றின என்பதை இளைஞர்கள் அறிதல் நலம். மத்திய அரசின் ஊழியர் இன்று ஓர் ஊர், நாளை மற்றோர் ஊர் என்று மாற்றப்படுகின்றவர். தந்தைக்கு மாற்றல் வந்தால் பிள்ளையின் படிப்பு தடைப்படும். ஒரு மாநிலத்தின் பாடநூல் மற்றொரு மாநிலத்தில் செல்லாது. இக்குறையைப் போக்கவே, இரண்டாம் ஊதியக் குழுவின் பரிந்துரையின்பேரில், 1962ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மத்தியப் பள்ளிகள் திட்டத்துக்கு இந்திய அரசு இசைவளித்தது. 1963-64ஆம் கல்வியாண்டில், படைவீரர் மிகுதியாக இருந்த இடங்களில் நடைபெற்று வந்த 20 படைப்பிரிவுப் பள்ளிகளை ஏற்றுக்கொண்டு இத்திட்டம் தொடங்கிற்று. 1965ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் இதற்கெனச் சங்கதன் என்னும் அமைப்புப் பதிவு செய்யப்பெற்றது. இன்று 1,200க்கும் மேற்பட்ட பள்ளிகள் உள்ளன. காத்மாண்டு, மாஸ்கோ, தெஹரான் ஆகிய அயல்நாட்டு நகரங்களிலும் உண்டு. எங்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பாடநூல். ஆவடியில் ஏழாம் வகுப்பில் பாதியில் விட்ட பாடத்தை இங்கே வந்து மறுபாதியில் தொடரலாம் என்பது எளிய காரியமன்று. நம்மைப் போன்ற இடம்பெயர் குடும்பங்களுக்கு அது பெரிய வரம்.

இப்பள்ளியின் காலைக் கூட்டத்தைக் கண்டிருக்கிறீர்களா? பெற்றோரில் பலர் கண்டிரார். இறைவணக்கம், உறுதிமொழி, அன்றைய செய்தி, அன்றைய சிந்தனை, பின்னர் ஒரு சிறப்பு நிகழ்ச்சி என இவை யாவற்றையும் மாணவர்களே முறைவைத்து நடத்துகின்றனர். வீட்டில் விருந்தினர் வந்தால் கதவுக்குப் பின்னே ஒளியும் பிள்ளை, எண்ணூறு பேர் முன்னிலையில் ஒலிபெருக்கியின் அருகே நின்று செய்தி வாசிக்கிறது. சிவாஜி, தாகூர், அசோகர், இராமன் என்று மாணவர் நான்கு இல்லங்களாகப் பிரிக்கப்பெற்று விளையாட்டிலும் பேச்சிலும் போட்டியிடுகின்றனர். இவர்களுள் இராமன் என்பவர், 1888ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமனே என்பதை நம் பிள்ளைகளிற் சிலரேனும் அறியாதிருந்ததை நான் கண்டதுண்டு.

தொழிற்சாலையின் மேலாளர் மகனும் வாயிற்காவலர் மகளும் ஒரே பலகையில் அமர்ந்து பயிலும் பள்ளி இது. எட்டாம் வகுப்பு வரை பயிற்சிக் கட்டணம் இல்லை. அதற்கு மேலும் பெண்பிள்ளைகளுக்கு இல்லை. பஞ்சாபிப் பிள்ளையின் ரொட்டியும் நம் வீட்டு எலுமிச்சைச் சாதமும் நண்பகல் இடைவேளையில் இடம் மாறுகின்றன. பாரத நாட்டின் ஒருமைப்பாட்டைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம். அப்பிள்ளைகளோ அதனைப் பகிர்ந்து உண்கின்றனர்.

இத்தகைய பள்ளி வாழ்வை இன்று நாமே குறைத்துவிடுகிறோம் என்பதே நான் முதலாவதாகக் கூற வந்தது. ஒன்பதாம் வகுப்பை எட்டியவுடன் நம் வீடுகளில் ஓர் அச்சம் குடிபுகுகின்றது. பொறியியல் நுழைவுத் தேர்வு, மருத்துவ நுழைவுத் தேர்வு என்று பயிற்சி நிலையங்களை நாடி ஓடுகிறோம். மாலையில் பள்ளி விட்டதும் பிள்ளை மின்சார இரயில் ஏறுகிறான். இரவு பத்து மணிக்குத் திரும்புகிறான். மறுநாட் காலையில் என் வகுப்பில் கண்ணைத் திறந்துகொண்டே உறங்குகிறான். ஒருமுறை அத்தகைய மாணவன் ஒருவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். மிகக் கடினமான ஒரு கணக்கின் விடையைக் குறுக்கு வழியில் நொடியில் கூறிவிட்டான். “இந்தச் சூத்திரம் எவ்வாறு வந்தது?” என்று கேட்டேன். “அங்கே அதைச் சொல்லித்தரவில்லை, சார்” என்றான். அவன் மீது எனக்குச் சினம் எழவில்லை, இரக்கமே எழுந்தது.

வேறு சிலர் ஒரு படி மேலே சென்று, பெயரை மட்டும் ஏதேனும் ஒரு பள்ளியில் பதிந்துவிட்டு நாள் முழுதும் பயிற்சி நிலையத்திலேயே பிள்ளையை அமர்த்துகின்றனர். இஃது அறமும் அன்று, அறிவும் அன்று. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விதிப்படி, பொதுத்தேர்வு எழுத நூற்றுக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும். பத்தாம் வகுப்பில் முதன்மைப் பாடங்கள் ஒவ்வொன்றிலும் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கும் 20 மதிப்பெண் பள்ளியிலேயே நிகழும் மதிப்பீட்டுக்கும் உரியன. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் செய்முறைக்கே 30 மதிப்பெண். இவை ஓரிரவில் ஈட்டக்கூடியவை அல்ல. மேலும், நுழைவுத் தேர்வுகளின் அடிப்படையும் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் பாடநூல்களே. அவற்றை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை கற்று, ஒவ்வொரு பயிற்சிக் கணக்கையும் தன் கையால் போட்டுப் பார்த்த மாணவன், அதன் பின்னர் வேண்டுமாயின் தனிப் பயிற்சிக்குச் செல்லட்டும். அடித்தளம் இடாமல் மாடி எழுப்புதல் வேண்டா.

இனி இரண்டாவது செய்திக்கு வருகிறேன். இதனைக் கூற எனக்கே சிறிது கூச்சமாக இருக்கிறது.

மகாகவி பாரதியார் பிறந்த டிசம்பர் 11ஆம் நாளை, 2022ஆம் ஆண்டு முதல் இந்திய மொழிகள் நாளாகக் கல்வி நிலையங்கள் கொண்டாடி வருகின்றன. 2023ஆம் ஆண்டில் அந்நாள் திங்கட்கிழமையன்று வந்தது. பள்ளியில் காலைக் கூட்டத்துக்கு என்னையும் விருந்தினனாக அழைத்திருந்தனர். வங்காளிச் சிறுவன் வங்காளத்தில் பாடினான். மராத்திச் சிறுமி மராத்தியில் பேசினாள். தமிழுக்காக எட்டாம் வகுப்பில் பயிலும் நம் வீட்டுப் பெண் ஒருத்தி, பாரதியார் தேசியக் கொடியைப் பற்றிப் பாடிய பாட்டை வாசிக்க முன்வந்தாள். குரல் கணீரென்றிருந்தது. ஆனால் ‘கொடி’ என்னும் சொல் வந்த இடமெல்லாம் ‘கோடி’ என்றாள். ழகரம் வந்த இடமெல்லாம் லகரம் ஆயிற்று. வியப்புற்று அருகில் சென்று தாளை நோக்கினேன். பாட்டு முழுவதும் இந்தி எழுத்தில் எழுதப்பட்டிருந்தது!

காரணம் எளிது. இந்தி எழுத்து வழக்கில் குறில் எகரமும் குறில் ஒகரமும் இல்லை. கொடியையும் கோடியையும் அது வேறுபடுத்திக் காட்டாது. ழகரத்துக்கும் அதில் இயல்பான இடம் இல்லை; மழையை எழுதினால் மலையாகப் படிக்கலாம். துணி உலர்த்தும் கொடியைத் தவிர வேறு கொடி நம் வீட்டுப் பேச்சில் வருவதும் இல்லை. ஆகையால் அப்பெண் தாளில் கண்டதைப் படித்தாள். கூட்டம் கைதட்டிற்று. முடிந்ததும் என்னிடம் ஓடி வந்து, “தாத்தா, சரியாகப் படித்தேனா?” என்று கேட்டாள். “நன்றாகப் படித்தாய், அம்மா” என்று கூறி அனுப்பினேன். அக்கணத்தில் அவளைத் திருத்த எனக்கு என்ன தகுதி? என் மகனும் தமிழ் பேசுவான், படிக்க மாட்டான். ஊர் ஊராகச் சென்று ஊரார் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா கற்பித்த நான், என் மகனுக்கு அகரம் கற்பிக்க நேரம் இல்லை என்று சொல்லிச் சொல்லியே அவனை வளர்த்துவிட்டேன். இன்று அவன் தாய் எழுதும் கடிதத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து மற்றொருவருக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்கிறான்.

இதற்குப் பள்ளியைக் குறை கூறுதல் முறையன்று. ஒரே வகுப்பில் எட்டுப் பத்துத் தாய்மொழிகள் உள்ள பள்ளி அது. ஆங்கிலம், இந்தி, சமஸ்கிருதம் என்ற மூன்றே அங்கு வழக்கமாகக் கற்பிக்கும் மொழிகள். போதிய எண்ணிக்கையில் மாணவர் விரும்பினால் பகுதிநேர ஆசிரியரைக் கொண்டு வேறு மொழி கற்பிக்க விதிகளில் இடம் உண்டு. நம் பிள்ளைகளோ வகுப்புக்கு இருவர் மூவராகச் சிதறிக் கிடக்கின்றனர். ஆதலின் அப்பொறுப்பு வீட்டையும் சங்கத்தையும் சார்ந்தது.

“இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளை எப்போது கற்பது?” என்று தாய்மார் சிலர் மலைக்கின்றனர். கணித ஆசிரியன் கணக்கைக் கேளுங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. உயிர்மெய் 216 என்பது பெருக்கல் கணக்கேயன்றி மனப்பாடக் கணக்கன்று. கால், கொம்பு, சுழி எனச் சில குறிகளை அறிந்தால் பெரும்பான்மையான உயிர்மெய்கள் தாமே வந்துவிடும்; உகர ஊகார வரிசைகள் மட்டுமே எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறிச் சிறிது தொல்லை தரும். நம் பிள்ளைகளுக்கோ மொழி முன்னரே தெரியும். எழுத்து ஒன்றே தெரியாது. நாள்தோறும் பத்து நிமிடம், மூன்று மாதம் போதும். பிள்ளை தட்டுத்தடுமாறியேனும் ஒரு சிறுகதையைப் படித்துவிடும்.

நம் சங்கக் கூடத்தில் ஞாயிறு காலையில் நடைபெறும் தமிழ் வகுப்பில் தொடக்கத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தனர். இன்று ஒன்பது பேர். விலகியவர் எங்கே என்று கேட்டால், ஞாயிறு காலையிலும் தனிப் பயிற்சி என்கின்றனர். நான் கூறிய இரு செய்திகளும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. பிள்ளையின் நேரத்தையெல்லாம் ஒரு தேர்வுக்கே விற்றுவிட்டால், பள்ளிக்கும் அவன் இல்லை. தமிழுக்கும் அவன் இல்லை.

தேர்வுக்கும் தமிழ் பகையன்று. மத்திய வாரியத்தின் தேர்வுப் பாடங்களுள் தமிழும் ஒன்று. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கென 2022 முதல் நடைபெறும் பொது நுழைவுத் தேர்வில் தமிழை மொழிப் பாடமாக எழுதலாம். 2001இல் தொடங்கப்பெற்று, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரால் விளங்கும் நிறுவனம், நம்மைப் போல் வெளியிடங்களில் வாழ்வோருக்காக அடிப்படை நிலை முதல் படிப்படியாகச் சான்றிதழ்க் கல்வி அளிக்கின்றது.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறேன். ஞாயிறு வகுப்பை மாலை நாலரை மணிக்கு மாற்றுங்கள். முதல் ஒரு மணி நேரம் தமிழ். அடுத்த ஒரு மணி நேரம் கணிதம். கணிதத்தை நான் கட்டணமின்றிக் கற்பிக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கீழ் வகுப்பினருக்கு உதவட்டும். ஆனால் ஒரு நிபந்தனை: தமிழ் வகுப்பில் அமராதவருக்குக் கணித வகுப்பில் இடம் இல்லை! இதனைக் கேட்டு அங்கே சில மாணவர் சிரிக்கின்றனர். அவர்தம் தாய்மார் சிரிக்கவில்லை என்பதையும் கவனிக்கிறேன்.

அந்தப் பெண் இன்று இந்த அவையில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். அன்று அவளிடம் நான் கூறாமல் விட்டதை இன்று கூறிவிட்டேன். குழந்தாய், குற்றம் உன்னுடையது அன்று. வரும் டிசம்பரில் அதே பாட்டை அதே பள்ளியில் தமிழ் எழுத்தைப் பார்த்தே நீ படிக்க வேண்டும். கேட்க நான் வருவேன்.