ஏட்டில் உறங்கும் பல்லியம்
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழாசிரியை ஒருத்தி மேனாட்டு இசையைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் இது வழக்கமான துறையன்று. என் முனைவர் பட்ட ஆய்வு குறவஞ்சி இலக்கியம் பற்றியது. கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபால குறவஞ்சிக்காகத் தஞ்சைச் சரசுவதி மகாலுக்குப் பல முறை சென்றிருக்கிறேன். அப்போதுதான், அக்குறவஞ்சியின் தலைவனாகிய இரண்டாம் சரபோசி மன்னர் மேனாட்டு இசை ஏடுகளையும் கையெழுத்துச் சுரப்படிகளையும் பெருந்திரளாகச் சேர்த்து வைத்திருந்தார் என்பதை அறிந்தேன். 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்த அம்மன்னரின் அரண்மனையில் ஐரோப்பியக் கருவிகள் முழங்கும் பேண்டு ஒன்று இருந்தது. பெரிய கோயிலில் குறவஞ்சி ஆடப்பட்ட அதே ஆட்சியில், அரண்மனை முற்றத்தில் கிளாரினெட்டும் ஒலித்தது! நான் ஓலைச்சுவடியை மட்டும் பார்த்துத் திரும்பிவிட்டேன். அன்று எனக்கு அது வேண்டாத பொருளாகப் பட்டது. அந்த அலட்சியத்தைப் பற்றியதே இவ்வுரை என்றாலும் பொருந்தும்.

பல கருவிகள் சேர்ந்திசைப்பதற்குப் ‘பல்லியம்’ என்னும் அழகிய சொல் நம்மிடம் உண்டு. குழல், யாழ், தண்ணுமை, முழவு, ஆமந்திரிகை என ஒன்றையொன்று பற்றிச் செல்லும் கருவி ஒழுங்கை அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் காட்டியிருக்கிறார். ஆகவே ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்னும் சொல்லைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியைப் பெத்தோவன் என்னும் பேராலமரம் மூடிக்கொண்டது. அவருடைய மாணவர் பெர்டினாண்டு ரீஸ், பிரெஞ்சு நாட்டு மெகுல் போன்றோர் எழுதிய சிம்பொனிகள் நூலக அலமாரிகளில் கிடந்தன. கடந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில்தான் இசைக்குழுக்கள் அவற்றை எடுத்துத் தூசு தட்டி ஒலிப்பதிவு செய்தன. லூயிஸ் பாரங்க் என்னும் அம்மையாரையும் ஈண்டு குறிப்பிட வேண்டும். இவர் சற்றுப் பிற்காலத்தவர். 1842-இல் பாரிசு இசைக் கல்லூரியில் பியானோப் பேராசிரியை ஆனவர். ஆண் பேராசிரியர்களுக்கு இணையான ஊதியம் அவருக்கு வழங்கப்படவில்லை. 1850-இல் அவருடைய ஒன்பது கருவிப் படைப்பு ஒன்று பெரும் வெற்றி பெற்ற பின்னரே அதைக் கேட்டுப் பெற்றார். (இங்கே அமர்ந்திருக்கும் என் சக ஆசிரியைகள் புன்னகைப்பது தெரிகிறது.) அவருடைய மூன்று சிம்பொனிகளும் இன்று நல்ல ஒலிப்பதிவுகளாகக் கிடைக்கின்றன. ஏட்டில் கிடந்தவரை அவர் ஓர் அடிக்குறிப்பு. காதில் விழுந்த பின்னர்தான் இசையமைப்பாளர்.

இது நமக்குப் புதிதன்று. 1887-இல் உ.வே.சா. அச்சிட்ட பின்னர்தான் சிந்தாமணி பலர் கைக்கும் வந்தது. சுவடிக்கு அச்சு எதுவோ, சுரப்படிக்கு ஒலிப்பதிவு அது.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில், வேங்கடகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் வாழ்ந்தது. முதலியார் குடும்பத்தார் ஆங்கிலக் கும்பினியின் துபாசிகள். நம் ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்கு எப்படியோ, அப்படி. முதலியார் தீட்சித சகோதரர்களைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஐரோப்பியர் பேண்டைக் கேட்கச் செய்தார். இளையவர் பாலுசாமிக்கு வயலின் கற்பிக்க ஓர் ஐரோப்பியரையும் அமர்த்தினார். இச்செய்தியை 1904-இல் வெளிவந்த சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் சுப்பராம தீட்சிதர் பதிவு செய்திருக்கிறார். இன்று பக்கவாத்தியமாக வயலின் இல்லாத கச்சேரியே அரிது. அந்த வில் நம் கைக்கு வந்த வழிகளுள் முதன்மையானது மணலி வழி.

தம்பி கருவியை எடுத்துக்கொண்டார். அண்ணன் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். பேண்டுக்காரர் வாசித்த நடைமெட்டு, ஆடல்மெட்டு, குடிமெட்டு ஆகியவற்றுக்கு வடமொழியில் தெய்வத் துதிகளை அமைத்தார். இவையே நோட்டுசுர சாகித்தியங்கள். எல்லாம் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை, கமகம் இல்லை, ஒரு சுரத்துக்கு ஓர் அசை என்னும் அளவில் நேராக நடப்பவை. ஆங்கிலேயர் தம் மன்னனைக் காக்க வேண்டும் எனப் பாடும் நாட்டுப்பண்ணின் மெட்டில் அவர் ‘சந்ததம் பாஹிமாம்’ என்று சியாமளையைப் பாடுகிறார். ‘எப்போதும் என்னைக் காப்பாய்’ என்பது அதன் பொருள். காக்கும் பொறுப்பு மெட்டிலேயே நிற்கிறது. காப்பவரும் காக்கப்படுபவரும் மாறிவிட்டனர். கும்பினியின் கோட்டை நிழலில் நின்று இதைச் செய்தவரின் குறும்பை நான் பெரிதும் இரசிக்கிறேன்.

‘சியாமளே மீனாட்சி’ என்னும் பாடல் நம் பிள்ளைகள் பாடும் ‘டுவிங்கிள் டுவிங்கிள்’ மெட்டில் உள்ளது. ஆங்கிலக் குழந்தைப்பாட்டைத் தீட்சிதர் தழுவினார் என்று மேடைகளில் சொல்வதுண்டு. அது சரியன்று. ஜேன் டெய்லர் அக்கவிதையை 1806-இல் வெளியிட்டார். அது இந்த மெட்டோடு சேர்ந்து அச்சேறியது 1838-இல். தீட்சிதரோ 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்துவிட்டார். மெட்டு அதற்கும் முந்தியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மெட்டு. மொசார்ட்டும் அதன் மேல் பியானோவுக்குப் பன்னிரண்டு வேறுபாடுகள் எழுதினார். புதுச்சேரிக்காரர்களாகிய நாம் இதில் சற்றே பெருமை கொள்ளலாம்!

இப்பாடல்களை மேனாட்டுச் சுரக்குறியீட்டில் 1893 அளவில் அச்சிட்டவர் சென்னை ஏ.எம். சின்னசாமி முதலியார். இவர் கத்தோலிக்கர். கருநாடக இசை முழுவதையும் ஐரோப்பியக் குறியீட்டில் தந்துவிட வேண்டும் என்று முயன்று, தம் செல்வத்தை இழந்தார். கண்ணொளியையும் இழந்தார் என்பர். சுப்பராம தீட்சிதரைத் தூண்டி எழுதவைத்தவரும் அவரே. அந்நூல் அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

இவ்வளவு இருந்தும், நோட்டுசுரம் என்றால் சிறுவர் பயிற்சிப் பாட்டு என்னும் எண்ணமே நிலைத்தது. மதுரை மணி ஐயர் வாசலில் நின்றவரையும் ஈர்த்துப் பாடிய ‘இங்கிலீஷ் நோட்டு’ முத்தையா பாகவதருடையது, அது வேறு. 2008 அளவில் அமெரிக்காவில் வாழும் தமிழராகிய கன்னிகேசுவரன், நோட்டுசுர சாகித்தியங்கள் 39-ஐயும் தொகுத்து ‘விஸ்மயா’ என்னும் ஒலிப்பேழையாக வெளியிட்டார். மேனாட்டுக் கருவிகள் துணைநிற்க அப்பாடல்கள் ஒலித்தபோது, அவை எங்கிருந்து வந்தனவோ அந்த இடம் காதுக்குப் புலப்பட்டது. இதனை மனமாரப் பாராட்டுகிறேன். எனினும் ஒன்று சொல்வேன். அப்பேழைக்கு ‘இந்திய–கெல்டிக்’ என அடைமொழி தந்திருக்கிறார்கள். ஐரிசு, ஸ்காத்து மெட்டுகளுக்கு அது பொருந்தும். ‘சியாமளே மீனாட்சி’க்குப் பொருந்தாது. கோட்டையில் ஒலித்தது ஓர் இனத்தின் இசையன்று; கப்பலேறி வந்த பல நாட்டு மெட்டுகளின் கலவை.

‘வடமொழித் துதியும் வெள்ளையன் மெட்டும் தமிழுக்கு என்ன செய்தன?’ என்று ஓர் அன்பர் சென்ற கூட்டத்தில் கேட்டார். நியாயமான வினா. தீட்சிதரிடம் பயின்ற தஞ்சை நால்வர் தமிழிலும் பாடல் செய்தவர்கள்; அவர்களுள் இளையவராகிய வடிவேலுவுக்குத் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்தார். சதிராட்ட மேளத்தில் கிளாரினெட்டு புகுந்ததும் தஞ்சையில்தான். நம் திருமண ஊர்வலத்தில் வரும் பேண்டு வாத்தியத்துக்கும் அங்கே ஒரு வேர் உண்டு. இவற்றை நீக்கிவிட்டுத் தமிழிசை வரலாறு எழுதினால் அது குறைவரலாறாகவே இருக்கும்.

இப்போது, சொல்லத் தயங்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். கிளாரினெட்டு வாசிப்பவர். வில்லியனூர் மாதா தேர்பவனியில் அவரைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். அவருடைய தந்தையார் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் பேண்டில் வாசித்தவர். மகனுக்குச் சுரக்குறியீடு படிக்கக் கற்றுத் தந்தவரும் அவரே. ஒரு நாள் திண்ணையில் அமர்ந்து, பெயர் தெரியாத ஒரு நடைமெட்டை வாசித்துக் காட்டினார். “இது அப்பா வாசிச்சது டீச்சரம்மா, ஏட்டுல கிடையாது” என்றார். அடுத்த முறை ஒலிப்பதிவுக் கருவியோடு வருகிறேன் என்று சொன்னேன். விடைத்தாள் திருத்தம் வந்தது, கருத்தரங்கு வந்தது, மகளின் தேர்வு வந்தது. ஒலிப்பதிவுக் கருவி என் கைப்பைக்குள்ளேயே கைப்பேசியாக இருந்தது என்பதுகூட எனக்கு அன்று தோன்றவில்லை. 2019-இல் அவர் மறைந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் இளைஞர் பேண்டு திரைப்பாடல் வாசித்தது. அந்த நடைமெட்டின் முதல் எட்டுச் சுரங்கள் மட்டும் எனக்கு நினைவிருக்கின்றன.

ஆகவே வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பதினோராம் ஆண்டில் நூல் வெளியீடு ஒன்றைக் குறைத்துக்கொண்டு, நம் ஊரிலும் வில்லியனூர்ப் பக்கத்திலும் உள்ள முதிய பேண்டுக் கலைஞர்களைப் பதிவு செய்வோம். செலவு மிகுதியில்லை, ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். நான் வரத் தயார். சரபோசியின் சுரப்படிகளை அறிந்தவர் எவரேனும் ஒரு மாலை வந்து வாசித்துக் காட்டவும் ஏற்பாடு செய்யலாம்.

நேரம் ஆகிவிட்டதாகச் செயலாளர் சீட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டே பதிவுகளை மட்டும் கேட்டுவிட்டு விடைபெறுகிறேன். முதலில் பாரங்கின் மூன்றாம் சிம்பொனியின் தொடக்கம். அடுத்து ‘சியாமளே மீனாட்சி’. பின்வரிசையில் உள்ள பிள்ளைகள் இரண்டாவதற்குச் சேர்ந்து பாடலாம். மெட்டு உங்களுக்குத் தெரியும். மின்விசிறியைச் சற்றே நிறுத்தச் சொல்லுங்கள்.