துண்டு அல்லாத கடன்

(கல்விக் குழுக் கூட்டத்தில் தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத் தலைவிமார் முன்னிலையில் ஆற்றிய உரை)



கடன் என்றதும் நம் சனத்துக்குப் பயம் வருவது நியாயமே. பாட்டன், பூட்டன் காலத்தில் துண்டு முறை இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று துண்டில் எழுதுவார்கள். அதைக் கட்ட வேறொரு கங்காணி முன்வந்தால்தான் அவர் இன்னொரு தோட்டத்தில் பெயர் பதியலாம். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். பயம் மட்டும் ஒழியவில்லை. பிள்ளையின் மேற்படிப்புக்குக் கடன் என்றால் பல வீடுகளில் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

எல்லாக் கடனும் துண்டு அல்ல. நிபந்தனையை வாசித்தே முடிவு செய்ய வேண்டும். உதாரணமாக அமெரிக்காவில் உள்ள ஒரு திட்டத்தைப் பார்ப்போம்.

அங்கு தாதியருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் போதாது. அதனால் தகுதியுள்ள பல்லாயிரம் விண்ணப்பதாரிகளுக்கு ஆண்டுதோறும் இடம் கிடைப்பதில்லை. முதுமாணி, கலாநிதிப் பட்டம் பெற்ற தாதிக்கு வைத்தியசாலையில் கிடைக்கும் சம்பளம் கற்பித்தலில் கிடைப்பதில்லை. பிறகு யார் கற்பிக்க வருவார்? இதற்காக 2002இல் சட்டம் இயற்றித் தாதியர் ஆசிரியர்களுக்கான கடன் திட்டத்தைத் தொடங்கினார்கள்.

அரசு 9 டொலர் போட்டால் தாதியர் கல்லூரி குறைந்தது 1 டொலர் போட வேண்டும். அந்த நிதியிலிருந்து கல்லூரியே மாணவருக்குக் கடன் கொடுக்கும். படித்து முடித்தவர் முழுநேர ஆசிரியராகப் பணியாற்றினால் முதல் மூன்று ஆண்டுகளும் ஆண்டுக்கு 20 வீதம், நான்காம் ஆண்டு 25 வீதம் என்று கடன் தள்ளுபடியாகும். 1,00,000 டொலர் வாங்கியவருக்கு நான்கு ஆண்டில் 85,000 போய்விடும். மிச்சம் 15,000 டொலரையே அவர் கட்ட வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கடன் தந்த கல்லூரியிலேயே வேலை செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கீகாரம் பெற்ற எந்தத் தாதியர் கல்லூரியிலும் கற்பிக்கலாம். துண்டு ஆளை ஒரு கங்காணியோடு கட்டியது. இது ஆளைத் தொழிலோடு மட்டுமே கட்டுகிறது.

குறையும் உண்டு. படிப்பு முடிந்து 12 மாதத்துக்குள் ஆசிரியர் வேலை கிடைக்க வேண்டும். கற்பிக்காமல் விலகினால் தள்ளுபடி நின்றுவிடும். 3 வீத வட்டியும் சந்தை வட்டியாக உயரும். கடனைவிட உதவிப்பணமே நல்லது என்பதுதான் நமது நிலைப்பாடு.

இது நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வார்ட்டில் தன் வலியைச் சொல்ல மொழி தெரியாமல் தவித்த தாய்மார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். தமிழ் பேசும் தாதியர் கூட வேண்டுமானால் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூட வேண்டும். நம் பிள்ளைகளில் தாதியரானவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதுமாணி படிக்க வேண்டும். நாட்சம்பளத்தில் அடுப்பு எரியும் வீட்டில் அந்தச் செலவை யார் தாங்குவது? உழைப்பால் கழியும் கடன் இங்கும் வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

அதுவரை, எந்தக் கல்விக் கடன் என்றாலும் நான்கு கேள்வி கேளுங்கள். வட்டி எவ்வளவு, எப்போது தொடங்கும்? எங்கெல்லாம் வேலை செய்யலாம்? இடையில் நின்றால் என்ன நடக்கும்? நோய் வந்தாலோ, இறந்தாலோ கடன் யார் தலையில் விழும்?

பதில் எழுத்தில் இருக்க வேண்டும். புரியாவிட்டால், கையெழுத்து வைக்குமுன் படிவத்தைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து வாசிப்போம்.