மேசை மாறினால் அதிர்ஷ்டம் மாறுமா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"ஏதாவது தொழில்நுட்பம் பத்திப் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் பேசப் போவது சீட்டாட்டம் பற்றி. முதல்வர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. விளக்கணைத்த பிறகு எங்கள் பிளாக்கில் நடந்த ரம்மி பற்றி இங்கே எதையும் நான் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நமக்கெல்லாம் தெரிந்த கதைதான். 2022-ல் தமிழக சட்டமன்றம் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேதமே இல்லாமல், ஆன்லைனில் பணம் வைத்து ஆடும் ஆட்டத்தை நடத்துவதே குற்றம் என்றது அது. ஆடுபவருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் இந்தியாவின் பெரிய தளங்கள் அதே வாரத்தில் பண ஆட்டத்தை நிறுத்திவிட்டன.

அதற்குப் பிறகு ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஒரு போன். நம் கல்லூரிதான், எனக்கு ஆறு வருஷம் ஜூனியர். நல்ல வேலையில் இருந்தவர், போக்கருக்காக அதை விட்டுவிட்டார். "அண்ணா, நான் போர்ச்சுகல் போயிடலாம்னு இருக்கேன். அங்க கேம் ரொம்ப சாஃப்ட்டாம். ஒரு மூணு லட்சம் புரட்டித் தர முடியுமா? ஆறு மாசத்துல திருப்பிடுவேன்" என்றார்.

"சாஃப்ட்" என்றால் என்ன என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கற்றுக்குட்டிகள், பொழுதுபோக்குக்காக ஆடுபவர்கள் என்று அர்த்தம். போர்ச்சுகலுக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. ஐரோப்பாவில் சில நாடுகள் தங்கள் நாட்டு ஆட்டக்காரர்களை உலகச் சந்தையிலிருந்து பிரித்து வேலி போட்டன. பிரான்ஸ் 2010-ல், ஸ்பெயின் 2012-ல். 2017-ல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2018-ல் பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்றின் மேசைகளும் இணைந்தன. வேலிக்கு உள்ளே கடும் போட்டியாளர்கள் குறைவு. அதனால் வெளியே இருப்பவனுக்கு நாக்கில் எச்சில் ஊறுகிறது.

அந்தத் தம்பி தன் கணக்குப் பட்டியலையும் அனுப்பிவைத்தார். 60,000 கை ஆடியிருக்கிறார். நூறு கைக்கு 6 பெரிய பிளைண்ட் லாபம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாமெல்லாம் மூன்றாம் செமஸ்டரில் புள்ளியியல் படித்தவர்கள். (பாஸ் செய்தோமா என்பது வேறு விஷயம்.) ஆறு பேர் மேசையில் நூறு கைக்குத் திட்ட விலக்கம் சுமார் 90 பிளைண்ட். 60,000 கை என்றால் 600 நூறுகள். 90-ஐ 600-ன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 3.7 வருகிறது. அப்படியென்றால் அவருடைய உண்மையான திறமை 6 என்று சொல்ல முடியாது. மைனஸ் 1-லிருந்து பிளஸ் 13 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பூஜ்யமும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வருஷ உழைப்பை வைத்துக்கொண்டு, தான் ஜெயிப்பவனா தோற்பவனா என்பதே அவருக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாது!

இதை மாத வாடகையாக மாற்றிப் பாருங்கள். ஒரு பிளைண்ட் ஒரு டாலர் என்று வையுங்கள். நாலு மேசை ஒரே சமயத்தில் ஆடினால் மணிக்கு 300 கை, மாதம் 120 மணி நேரம், ஆக 36,000 கை. உண்மைத் திறமை 6 என்றால் சராசரி மாத வருமானம் 2,160 டாலர், அதன் விலக்கம் 1,700 டாலர். பத்து மாதத்தில் ஒரு மாதம் நஷ்டம். திறமை 2 மட்டுமே என்றால் சராசரி 720 டாலர், மூன்று மாதத்தில் ஒரு மாதம் நஷ்டம். லிஸ்பனில் வீட்டுக்காரருக்கு இந்த விலக்கமெல்லாம் தெரியாது. அவருக்கு ஒண்ணாம் தேதிதான் தெரியும்.

"சரி, நமக்கு முன்னால் யாராவது இப்படிப் போயிருக்கிறார்களா?" என்று கேட்பீர்கள். போயிருக்கிறார்கள். 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், ஆன்லைனில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டித் தகுதி பெற்று, உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அன்றிலிருந்து ஊரே போக்கர் ஆட ஆரம்பித்தது. எல்லா மேசையும் சாஃப்ட். 2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை, அமெரிக்க அரசு பெரிய தளங்களின் முகவரிகளைக் கைப்பற்றியது. அந்த உலகத்தில் அந்த நாளுக்கு "கறுப்பு வெள்ளி" என்றே பெயர்.

அதன் பிறகு பல அமெரிக்க இளைஞர்கள் மூட்டை கட்டினார்கள். சிலர் கனடா, சிலர் மெக்சிகோ, சிலர் கோஸ்டாரிகா. வீட்டு ஒப்பந்தம், உள்ளூர் வங்கிக் கணக்கு என்று குடியிருப்புச் சான்று காட்டித்தான் மறுபடி மேசையில் உட்கார முடிந்தது. நன்றாக வாழ்ந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்கக் குடிமகன் எங்கே இருந்தாலும் தன் நாட்டுக்கு வரிக்கணக்கு காட்டியாக வேண்டும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று. அந்தக் கறுப்பு வெள்ளியில் சிக்கிய ஃபுல் டில்ட் என்ற தளம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்ததோ சுமார் 6 கோடி. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்குப் பணம் திரும்ப ஆரம்பித்தது 2014-ல்தான். திரையில் தெரிகிற தொகை நம் பணம் கிடையாது, நம் கைக்கு வந்ததுதான் நம் பணம். இதைச் சொல்ல ஒரு பாட்டி போதும், ஆனால் பலர் மூன்று வருஷம் காத்திருந்து கற்றுக்கொண்டார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். சாஃப்ட் என்பது அந்த ஊர் மண்ணின் குணமில்லை. அது ஒரு கிணற்றுத் தண்ணீர் மாதிரி. நல்ல தண்ணீர் என்று கேள்விப்பட்டு முதலில் வருகிறவன் யார்? பெரிய வாளி வைத்திருப்பவன். ஊர் விட்டு ஊர் போகிற அளவுக்குத் தீவிரமானவன்தான் அந்த மேசையைக் கடினமாக்குகிறான். கற்றுக்குட்டி தோற்று எழுந்து போகிறான், கடைசியில் வாளிக்காரர்கள் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் தளத்துக்காரர் மட்டும் ஒவ்வொரு கைக்கும் தன் கமிஷனை எடுத்துக்கொள்வார்.

இதில் நம் இனத்தார், அதாவது பொறியாளர்கள், செய்த உதவியும் உண்டு. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற புரோகிராம், தொழில்முறை ஆட்டக்காரர்கள் நால்வரை 20 நாட்களில், 1,20,000 கைகளில் தோற்கடித்தது. அது இருவர் ஆட்டம். 2019-ல் புளுரிபஸ் என்ற புரோகிராம் ஆறு பேர் மேசையிலும் ஜெயித்துக் காட்டியது. அதைப் பயிற்றுவிக்க ஆன கம்ப்யூட்டர் செலவு 150 டாலருக்கும் குறைவு என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். சரியான ஆட்டம் எது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் மென்பொருள் இன்று வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிறது. வேலி எவ்வளவு உயரமாக இருந்தாலும் இந்த அறிவு தாண்டிவிடும்.

இன்னொன்றும் உண்டு. அந்த சாஃப்ட் என்ற சொல்லுக்குள்ளே ஒரு ஆள் இருக்கிறான். சம்பளம் வாங்கிய ராத்திரி, தூக்கம் வராமல் ஆட உட்காருகிறவன். நம் மாநிலத்தில் தற்கொலைகள் நடந்த பிறகுதான் சட்டம் வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. நானும் இரண்டு வருஷம் ஆடியிருக்கிறேன். கணக்கை முடித்துப் பார்த்தபோது, எனக்குக் கிடைத்த லாபத்தைவிடத் தளம் எடுத்த கமிஷன் அதிகம். ஆடிய மணி நேரத்தால் வகுத்தால், என் முதல் சம்பளத்தைவிடக் குறைவு. அந்தச் சின்ன லாபமும் என் கெட்டிக்காரத்தனத்தால் வந்ததா, எதிரே ஒருவன் தூங்காமல் தவித்ததால் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே, போகலாமா கூடாதா? அந்தத் தம்பியிடம் மூன்று கேள்வி கேட்டேன். இங்கேயும் வைக்கிறேன்.

ஒன்று, சீட்டை நீ தொடாவிட்டாலும் அந்த நாடு உன்னை இருக்க விடுமா? அதாவது படிப்புக்கோ வேலைக்கோ ஒரு முறையான விசா இருக்கிறதா? சுற்றுலா விசாவில் போய்க் குடித்தனம் நடத்த முடியாது.

இரண்டு, ஆட்டத்துக்கு வைத்த முதலைத் தொடாமல், ஒரு வருஷச் சாப்பாடும் வாடகையும் தனியாக உன் கையில் இருக்கிறதா? அது கடன் பணமாக இருக்கவே கூடாது. கடனில் ஆடுகிறவன் பயந்து ஆடுவான், பயந்து ஆடுகிறவன்தான் மேசையிலேயே சாஃப்ட்!

மூன்று, திரும்பி வரும் தேதியை எழுதி வைத்திருக்கிறாயா? ஜெயித்தால் எப்போது, தோற்றால் எப்போது?

மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லக்கூடியவர், லட்சக்கணக்கான கை ஆடித் தன் எண்ணை அறிந்தவர், தாராளமாகப் போய் வரட்டும். நான் தடுக்க மாட்டேன். ஆனால் அப்படிப்பட்டவர் அந்த ஊரில் ஒரு வேலையோ படிப்போ தேடிக்கொண்டு போவார், போக்கர் அவருக்குச் சாயங்கால ஆட்டமாக இருக்கும். மேசை மட்டுமே நம்பிக்கை என்று போகிறவருக்கு என் பதில் ஒன்றுதான்: போகாதே தம்பி.

மூன்று லட்சம் நான் கொடுக்கவில்லை. "வேலை தேடறதா இருந்தா சொல்லு, நாலு பேருக்கு போன் போட்டுத் தரேன்" என்றேன். அவர் "சரிண்ணா" என்று சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு போன் இல்லை. கோபமாக இருக்கலாம். இந்த மலர் அவர் வீட்டுக்கும் தபாலில் போகும் என்ற நம்பிக்கையில்தான் இவ்வளவும் சொன்னேன். தம்பி, என் நம்பர் மாறவில்லை. ராத்திரி பதினொரு மணியானாலும் எடுப்பேன்.

மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் ஜூனியர்கள் யாராவது இப்படி போன் செய்தால், பணம் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, திட்டிவிட்டு வைத்துவிடாதீர்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நம் கல்லூரி நமக்குக் கற்றுக்கொடுத்தது அதைத்தானே?